தட்டிவிட்ட குடம்

சொட்டு மருந்துப் பையை மாமியார் சீனியம்மாள் மடியில் வைத்துவிட்டு, "இனிமே நீங்களே ஊத்துங்க அத்தை" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி, சுபலட்சுமி மேலூரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினாள். அவள் போய் ஒரு வாரம் ஆகிறது. அந்த வார்த்தை மட்டும் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது.

கோபத்தில் கத்தியிருந்தால் சீனியம்மாளும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பாள். வாய்ச்சண்டையில் அவள் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஆனால் மருமகள் சத்தமே போடவில்லை. தை மாசத்திலிருந்து வாயை இறுக மூடிக்கொண்டு புருஷன் கண்ணுக்கு மருந்து ஊற்றியவள், ஆடி பிறந்ததும் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பொறுக்கி எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஊற்றவேண்டிய நேரத்தில் ஊற்றவிடாமல் தடுத்தவள் சீனியம்மாள்தானே.

இதை வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகன் முத்துப்பாண்டி சொன்னதில்லை. மகள் முனீஸ்வரி சொன்னதில்லை. எதற்கெடுத்தாலும் குற்றம் கண்டுபிடிக்கிற உக்கிரபாண்டி, கட்டின பெண்டாட்டியை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்கள் சொல்லாமல் இருக்க இருக்க சீனியம்மாளுக்குச் சோறு இறங்குவது குறைந்துகொண்டே வந்தது.

திருமங்கலத்தில் ஏறிய பஸ் மதுரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலோரம் முத்துப்பாண்டி, பக்கத்தில் முனீஸ்வரி, எதிர் வரிசையில் சீனியம்மாள். இத்தனை மாசமும் அவனோடு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனது சுபலட்சுமிதான். டாக்டர் அறைக்குள் போவதும் அவள்தான். சீனியம்மாள் இன்றைக்குத்தான் முதல்முறையாக மகனோடு உள்ளே போகப்போகிறாள்.

"பரங்குன்றம் வந்துருச்சா?" என்றான் முத்துப்பாண்டி. பஸ் வளைகிற வளைவை வைத்தே இடம் கண்டுபிடிக்கப் பழகியிருந்தான்.

"வந்துருச்சுண்ணே."

"மலை தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

அவன் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். மலை இருந்தது மறுபக்கம். முனீஸ்வரி அவனைத் திருப்பிவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

அது நடந்தது தை மாசம், முனீஸ்வரிக்குப் பரிசம் போட நாள் குறித்த சமயம். வீட்டு முகப்புக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. மாட்டுக்கொட்டத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் சுண்ணாம்பு போதும் என்று சொன்னது சீனியம்மாள். மகன் திருமங்கலம் போய்க் கல் சுண்ணாம்பு வாங்கிவந்து, பாதியாக அறுத்த டிரம்மில் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். கல் வெடித்து, புகைந்து, கஞ்சியாகக் கொதித்தது. அடங்கிவிட்டது என்று நினைத்துக் கம்பைவிட்டுத் துழாவினான். அடியில் வேகாமல் கிடந்த கட்டி ஒன்று வெடித்து முகமெல்லாம் தெறித்துவிட்டது.

"ஆத்தா!" என்று அவன் போட்ட சத்தத்துக்குச் சுபலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். குனிந்து கிடந்தவன் முகத்தில் கவிழ்க்கப் போனாள்.

சீனியம்மாள் பாய்ந்து குடத்தைத் தட்டிவிட்டாள். "அடியே பாதகத்தி! தண்ணி பட்டா வெந்து போயிரும்டி! இப்பத்தானே பாத்த, கல்லே கொதிச்சுச்சு!"

அவள் சொன்னதில் என்ன தப்பு? தண்ணீர் பட்டுத்தான் கல் கொதித்தது, கண்ணால் பார்த்தாகிவிட்டது. சுண்ணாம்பைப் பற்றி ஒன்றுமே தெரியாதவளாக இருந்திருந்தால் தண்ணீரை ஊற்றியிருப்பாள். தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று. முந்தானையால் கண்ணைத் துடைத்து, இமையைப் பிரித்து விளக்கெண்ணெயை விட்டாள். ஊரில் யாருக்குக் கண்ணில் தூசு விழுந்தாலும் சீனியம்மாளைத்தான் தேடி வருவார்கள். அந்தக் கைராசி தன் மகனுக்கு வேலை செய்யாதா என்று நம்பினாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் சுண்ணாம்பு தன் வேலையை முடித்துவிட்டது.

அங்கே போனதும் முதல் காரியமாக அவர்கள் செய்ததைக் கதவு இடுக்கு வழியாக அவள் பார்த்தாள். பாட்டில் பாட்டிலாகத் தண்ணீரைக் கண்ணுக்குள் ஓடவிட்டார்கள்.

*

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. பெயர் கூப்பிட்டதும் மூன்று பேரும் உள்ளே போனார்கள். பெரிய டாக்டரம்மா வருவதற்குள், புதிதாக வந்த சின்ன டாக்டர் ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு பட்டவுடனே தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லீங்க சார்" என்றான் முத்துப்பாண்டி. "அன்னைக்குக் கரண்டு இல்ல. மோட்டார் ஓடல. பக்கத்துல பொட்டுத் தண்ணி இல்லீங்க."

ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னான். பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பான பேச்சு என்று கேட்டவுடனே சீனியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் இந்தப் பொய்யைப் பக்கத்தில் நின்று சுபலட்சுமி கேட்டிருக்கிறாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் அவள். தண்ணீரே இல்லை என்று புருஷன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். அந்தப் பொண்ணு மேலூருக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்?

சீனியம்மாளால் பொறுக்க முடியவில்லை.

"தண்ணி இருந்துச்சுங்கய்யா" என்றாள். "குடம் நெறைய இருந்துச்சு. என் மருமக கொண்டாந்தா. நாந்தேன் தட்டிவிட்டேன்."

சின்ன டாக்டரின் விரல் அப்படியே நின்றது.

"அம்மா, சும்மா இரு" என்றான் முத்துப்பாண்டி.

"எம்புட்டு நாளைக்குடா சும்மா இருக்கச் சொல்ற? தண்ணி பட்டா கண்ணு வெந்துரும்னு நெனச்சேங்கய்யா. எண்ணெய ஊத்துனேன். இவன் கண்ண நாந்தேன் அவிச்சுப்புட்டேன்."

பின்னால் டாக்டரம்மா வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அவர் திட்டுவார் என்று சீனியம்மாள் காத்திருந்தாள். திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்றுகூட இருந்தது. டாக்டரம்மாவோ அவள் தோளில் கையை வைத்தார்.

"நீங்க மட்டும் இல்லம்மா. சுண்ணாம்பு கொதிக்கிறதப் பாத்தவங்க நிறையப் பேர் இப்படித்தான் பயந்துர்றாங்க. ஆனா கண்ணே ஈரம்தானே? தண்ணி ஊத்தாட்டியும் அது உள்ள வேகத்தான் செய்யும். விடாம ஊத்திக்கிட்டே இருந்தா அடிச்சுக்கிட்டு வெளியே போயிருக்கும். சரி, நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஆகவேண்டியதப் பேசுவோம்."

இந்த நல்ல வார்த்தைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்றிருந்தது சீனியம்மாளுக்கு.

ஆகவேண்டியது என்னவென்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். வலது கண்ணைப் பற்றிப் பேசுவதை அவர் சித்திரையோடு நிறுத்திவிட்டிருந்தார். இடது கண்ணில் முதல் மாசமே, யாரோ ஒரு தாயின் பிரசவத்தில் எடுத்த நச்சுக்கொடிச் சவ்வைப் பதப்படுத்தி ஒட்டி, புண்ணை ஆற்றியிருந்தார்கள். இப்போது புண் அடங்கியிருக்கிறது. ஆனால் கருவிழி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது.

"கருவிழியச் சுத்தி ஒரு ஓரம் இருக்குல்லம்மா, வெள்ளையும் கறுப்பும் சேர்ற எடம். கருவிழிக்கு மேல்தோல் வளர்றதே அங்கிருந்துதான். இவருக்கு ரெண்டு கண்ணுலயும் அந்த ஓரம் வெந்துபோச்சு. அதனால இவர் கண்ணுல இருந்தே எடுத்து வைக்க வழியில்ல. பெத்தவங்க, கூடப் பொறந்தவங்ககிட்ட இருந்துதான் எடுக்கணும்."

"நாத்துப் பிடுங்கி நடுற மாதிரியா?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"அப்படியேதான். துளியூண்டு போதும்."

"அப்ப எங்கண்ணுல எடுங்கம்மா. எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. முழுசா வேணும்னாலும் பேத்து எடுத்துக்கங்க. அன்னைக்கு எங்க எல்லாரு கண்ணையும் சோதிச்சுப் பாத்தீகளே."

டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"பாத்தேம்மா. உங்க ரெண்டு கண்ணுலயும் சதை வளர்ந்திருக்கு. காலமெல்லாம் வெயில்ல களை எடுத்த கண்ணு. அந்தச் சதை, நமக்கு வேண்டிய ஓரத்து மேலதான் ஏறி உக்காந்திருக்கு. உங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல பிரஷர். ரத்தம் எல்லாத்தையும் பொருத்திப் பாத்ததுல, தங்கச்சியோடதுதான் நல்லாப் பொருந்துது."

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். இருபத்துமூன்று வயசுப் பெண். வருகிற ஆவணியில் கழுத்தில் தாலி ஏறவேண்டியவள்.

"எம் பார்வைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டாக்டர்?"

"சாதாரணமா ஒண்ணும் ஆகாது. கொஞ்ச நாள் உறுத்தும், செவந்திருக்கும். எந்த ஆபரேஷன்லயும் ஆபத்தே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ரொம்பக் குறைவுன்னுதான் சொல்லுவேன். உங்க அண்ணனுக்கும் பழையபடி வந்துரும்னு சொல்லமாட்டேன். உடம்பு ஏத்துக்கணும், வருசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும், பின்னால இன்னொரு ஆபரேஷனும் வேண்டியிருக்கும். எல்லாம் நல்லாப் போனா முகம் தெரியும், தனியா நடமாடலாம்."

"கல்யாணத்துக்கு அப்புறம் செய்யலாமா?" என்றான் முத்துப்பாண்டி.

"ஒரு மாசம்கூடத் தள்ளிப்போட முடியாது. புண்ணு இப்பத்தான் அடங்கியிருக்கு. மறுபடி திறந்துருச்சுன்னா கருவிழி கரைஞ்சுபோயிடும். அப்புறம் நாத்து இருந்தும் நடுறதுக்கு வயல் இருக்காது. சாயங்காலத்துக்குள்ள பேசி முடிவு சொல்லுங்க."

*

வெளியே வேப்பமரத்தடிச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முனீஸ்வரி வீட்டிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றைப் பிரித்தாள். யாரும் இரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை.

சீனியம்மாள் புருஷனுக்குப் போன் போட்டாள். உக்கிரபாண்டி எல்லாவற்றையும் கேட்டார். முடிவு எடுக்கிற வேலை வந்தால் அதைப் பெண்டாட்டி தலையில் இறக்கிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிற மனுஷன் அவர்.

"பரிசம் போட்ட புள்ள. பாதி அவுக வீட்டுப் புள்ள. நம்ம இஷ்டத்துக்குக் கண்ணுல கத்தி வைக்க முடியுமா? மாயக்கா கிட்ட ஒரு வார்த்தை கேட்டுரு. அவுக சரின்னா சரி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாயக்காள்தான் மாப்பிள்ளையின் தாய். திருமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம். உக்கிரபாண்டிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. ஒரே மகன் அசோக்குமார்.

"நான் ஒண்ணு சொல்லிர்றேன்" என்றான் முத்துப்பாண்டி. "அத்தை முகம் கோணாம சரின்னு சொன்னா ஒத்துக்கிறேன். கொஞ்சம் இழுத்தாலும் எனக்கு வேணாம். தங்கச்சி வாழ்க்கைய வித்து எனக்கு ஒரு கண்ணு வேணாம்."

"நீ பேசாம இருண்ணே" என்றாள் முனீஸ்வரி. பிறகு அம்மாவிடம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது. "அத்தை சரின்னுட்டாகன்னா எனக்குப் பயமே இல்லம்மா. அவுக வேணாம்னா... எனக்குத் தெரியல. நீயே கேட்டுச் சொல்லு."

சோற்றுப் பொட்டலத்தை மறுபடி மறுபடி சுருட்டினாள். சீனியம்மாள் பார்க்காததுபோல எழுந்து, சைக்கிள் நிறுத்துமிடம் வரைக்கும் தள்ளிப் போனாள்.

"மதினி, நாந்தேன் சீனியம்மா."

"சொல்லுங்க மதினி. தம்பிக்கு எப்படி இருக்கு?"

சொன்னாள். நாற்று, நடுவை, துளியூண்டு, ஆபத்து இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் மாயக்காள் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

"மதினி, நான் பொல்லாதவ இல்ல" என்றாள் மாயக்காள் கடைசியில். "உங்க வீட்டுல விழுந்த இடி எனக்கும்தேன் வலிக்குது. தம்பி கண்ணு போன பின்னாடியும் ஒரு வார்த்தை மாத்திப் பேசுனேனா? சகுனம் சரியில்லன்னு எங்காளுக சொன்னப்ப, நாந்தேன் வாய மூடுங்கன்னேன். ஆனா இது வேற. கண்ணறுத்துக் குடுத்த புள்ளையக் கட்டிட்டு வந்திருக்கான்னு நாளைக்கு ஒரு பய பேசுவான். நாளப்பின்ன அவளுக்கு ஒரு தலவலின்னாக்கூட எம்மகன் பயந்து சாவான். கல்யாணம் முடியட்டும். ஒரு புள்ள பொறக்கட்டும். அப்பறம் செய்வோம்."

"அதுவரைக்கும் தாங்காதுங்காக மதினி."

"அப்ப நான் என்னத்தச் சொல்ல?"

"மாப்பிள்ளகிட்ட ஒரு வார்த்தை..."

"அவன் எம்பேச்சத் தாண்ட மாட்டான். மனசுல வச்சுக்கிறாதீக. கத்தி வைக்கிறதா இருந்தா, போட்ட பரிசத்தைத் திருப்பிக்கிருவோம். எனக்கும் வேற வழி இல்ல."

போன் அணைந்துவிட்டது.

சீனியம்மாள் அங்கேயே நின்றாள். சைக்கிளை எடுக்க வந்த ஒருவர், "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா" என்றார். தள்ளிக்கொண்டாள். ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் என்பார்களே, பெற்றவளுக்குப் பிள்ளைகளில் அந்தப் பேதம் கிடையாது என்று இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவள் அவள். இன்றைக்கு இரண்டில் ஒன்றுக்குச் சுண்ணாம்பு வைத்துத்தான் ஆகவேண்டும்.

பெஞ்சில் மகனும் மகளும் இவள் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குத் தெரிகிறது, ஒருவருக்குத் தெரியவில்லை. முத்துப்பாண்டி வெயிலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, கூசாமல் உட்கார்ந்திருந்தான்.

அதைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று முடிவாகிவிட்டது. கல்யாணம் இன்றில்லாவிட்டால் நாளைக்கு நடக்கும். மாயக்காள் இல்லாவிட்டால் இன்னொருத்தி வருவாள். கண் வருமா? யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தை மாசம் குடத்தைப் பார்த்து ஓடியபோதும் எல்லாம் இதே தெளிவோடுதான் தெரிந்தது. அந்த நினைப்பு வந்ததும் கால் ஒரு தரம் தயங்கியது. ஆனாலும் நடந்தாள்.

"அத்தை என்ன சொன்னாகம்மா?" என்று எழுந்து நின்றாள் முனீஸ்வரி.

"சரின்னுட்டாக."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அண்ணனுக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறான்னு கேட்டாக. போத்தா, போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லிரு. வெரசாப் போ."

முனீஸ்வரியின் முகம் விளக்கு ஏற்றியதுபோல ஆகிவிட்டது. பெஞ்சில் கிடந்த தன் போனை எடுத்துக் கையோடு எதையோ தட்டினாள். "அவருக்கு ஒரு மெசேஜ் போட்டுட்டேன். அத்தைக்கு எம்பேரால தேங்க்ஸ் சொல்லச் சொல்லி. இதை வச்சிரும்மா, உள்ள போன் ஆகாதும்பாக" என்று போனைத் தாய் மடியில் போட்டுவிட்டு ஓடினாள்.

சீனியம்மாள் அவளைக் கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிடாமலே மூடிக்கொண்டாள். பச்சைப் பாவாடைத் தாவணியில் ஓடித் திரிந்த பிள்ளைபோலப் படியேறி, முனீஸ்வரி கண்ணாடிக் கதவுக்குள் மறைந்துவிட்டாள்.

முத்துப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். "அத்தை பெரிய மனுஷிம்மா" என்றான்.

அப்போதுதான் மடியில் நாதஸ்வரம் ஒலித்தது. போனில் அசோக்குமாரின் முகம் சிரித்தது. சீனியம்மாள் பதறிப்போய் முந்தானையைப் போட்டு அமுக்கினாள். சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது.

"யாரும்மா?"

"கம்பெனிக்காரன்யா. எதையாவது விக்கிறதுக்குக் கூப்பிடுவானுக."

நாதஸ்வரம் ஓய்ந்தது. உடனே திரும்பவும் தொடங்கியது.

முத்துப்பாண்டி மெதுவாகத் தாய் பக்கம் திரும்பினான். வெள்ளை பூத்த கண்கள் இரண்டும் அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"அம்மா, அந்த நாயனம் மாப்ள கூப்பிட்டா மட்டுந்தேன் அடிக்கும். முனீஸ்வரி வச்சுவிட்டது. வீட்டுல தெனமும் கேக்குறேன்."

சீனியம்மாள் போன்மேல் இரண்டு கையையும் வைத்து அமுக்கினாள்.

"அத்தை நெசமாவே சரின்னு சொன்னாகளா?"

"சொன்னாகய்யா."

"தண்ணி இல்ல, கரண்டு இல்லன்னு நான் டாக்டருகிட்டச் சொன்னேன்ல, காலையில" என்றான் முத்துப்பாண்டி. "இப்ப நீயும் அதே மாதிரிதேன் சொல்ற."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். உள்ளே, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், நர்ஸ் ஒருத்தி முனீஸ்வரியை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தை மேலே நிமிர்த்தி, நல்ல கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது.

முத்துப்பாண்டி கையை நீட்டினான். சத்தம் வந்த திக்கைப் பார்த்து நீண்ட கை, சரியாக அவள் மடிக்கு நேரே வந்து நின்றது.

"போன எங்கையில குடும்மா."

நாதஸ்வரம் அடித்துக்கொண்டே இருந்தது.